டார்லாவின் கத்தரி

டார்லாவுக்குக் கை சும்மா இருக்காது. கார்பர்வில் ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவள். கடையை மூடிவிட்டு மலைமேல் குடிவந்த பிறகும் கத்தரி அவளை விடவில்லை. எங்கள் மண்சாலையில் உள்ள தலையெல்லாம் அவள் வெட்டியதுதான். தலை கிடைக்காவிட்டால் நாய், நாயும் ஓடிவிட்டால் வேலிச்செடி. ஒருதரம் என் வீட்டுக்குக் காபி குடிக்க வந்தவள், பேச்சுவாக்கில் என் மேசைவிரிப்பின் குஞ்சத்தை ஒரே மட்டமாக வெட்டிவிட்டாள். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "இப்பதான்டி பாக்க லட்சணமா இருக்கு" என்றாள்.

அப்பேர்ப்பட்டவள் கஞ்சா வளர்த்தால் என்ன ஆகும்?

எங்கள் மாநிலத்தில் வீட்டுக்கு ஆறு செடி வளர்க்கலாம் என்று சட்டமே விட்டுவிட்டது. இந்த மலையில் வைக்காத வீட்டைத்தான் தேட வேண்டும். அவளும் வைத்தாள். செடி பூக்கத் தொடங்கியதும், அடியில் நிழலில் கிடக்கிற இலையையும் நோஞ்சான் கிளையையும் எடுத்துவிட வேண்டும். உள்ளே காற்று போகும், பூஞ்சை பிடிக்காது. எடுத்த பிறகு செடியை அதன் பாட்டில் விட்டுவிட வேண்டும். இது டார்லாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காலையில் காபிக் கோப்பையோடு போய் நிற்பாள். ஓர் இலை கண்ணை உறுத்தும். நறுக். இந்தப் பக்கம் எடுத்தால் அந்தப் பக்கம் சமமாக இருக்க வேண்டாமா? நறுக்.

"அது செடிடி. பட்டாளத்துக்குப் போற பையன் இல்ல, மொட்டையடிக்க" என்றேன்.

"கொஞ்சம் வெயில் உள்ள போகட்டுமேன்னுதான்" என்றாள்.

பூவுக்காக நாங்கள் வளர்ப்பது பெண்செடி. அதை ரொம்பப் பாடுபடுத்தினால் அதற்கு உயிர்ப்பயம் வந்துவிடும். வம்சமாவது மிஞ்சட்டும் என்று தன் பூவுக்குள்ளேயே ஆண்பூவை விட்டுவிடும். சின்னதாக, மஞ்சளாக, வளைந்து நீட்டிக்கொண்டிருப்பதால் நாங்கள் அதை வாழைப்பழம் என்போம். அதன் மகரந்தத் தூள் பறந்துபோய் அக்கம்பக்கத்துச் செடிகளில் விழுந்தால் அத்தனையும் விதை பிடித்துவிடும். விதை பிடித்த பூவில் பிசின் வற்றிப்போகும். போதையும் மருந்தும் அந்தப் பிசினில்தான்; அது இல்லாத பூ வெறும் தழைதான்.

செப்டம்பரில் ஒரு காலை டார்லா என்னை ஓடிவரச் சொன்னாள். அதிகம் வெட்டுப்பட்ட செடி முழுக்க வாழைப்பழம். சில ஏற்கெனவே வெடித்திருந்தன. தூள் பறக்காமலிருக்க ஈரப்போர்வையைப் போர்த்தி, செடியை அடியோடு வெட்டி, குழி தோண்டிப் புதைத்தோம்.

"கான்னி, கீழ மெர்ல் செடி இருக்கேடி" என்றாள்.

சரிவில் அவளுக்குக் கீழே இருப்பவர் மெர்ல். மரம் வெட்டப் போன இடத்தில் மரம் முதுகில் விழுந்தது. வலி மாத்திரை அவரைப் பிடித்து ஆட்டிய ஆட்டத்தை இந்தச் சாலையே பார்த்தது. பொண்டாட்டி பிள்ளை எல்லாம் போய், ஒருவழியாக அதிலிருந்து மீண்டு வந்தார். இப்போது அவர் தூங்குவது அந்த ஆறு செடியின் தயவில்தான். அந்தப் பூ கெட்டுப்போனால் மறுபடி மாத்திரைதான்.

ஆண்பூ விட்டுவிட்டால் உடனே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். இங்கே அது எழுதாத சட்டம். சொன்னால் அவரவர் செடிமேல் தண்ணீர் பீச்சிக் காப்பாற்றிக்கொள்வார்கள். தண்ணீர் பட்டால் தூள் செத்துவிடும்.

"போய்ச் சொல்லுடி" என்றேன்.

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லவில்லை. மெர்ல் வாசல்வரை போவாள், அவர் கையாட்டுவார், இவளும் கையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள். சோறு இறங்கவில்லை. கத்தரியைத் தொடவே இல்லை. டார்லா கத்தரியைத் தொடாமல் இருக்கிறாள் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அக்டோபரில் பிசின் துளிகள் பால்நிறத்துக்கு வந்து, அங்கங்கே தேன்நிறம் தட்டியதும் மெர்ல் அறுத்தார். கிளைகளைக் கொட்டகையில் தலைகீழாகக் கட்டி, காம்பு மடக்கென்று ஒடியும் பதம்வரை காயவைத்தார். பிறகு வழக்கம்போல எங்களைக் கூப்பிட்டார். யார் வீட்டு அறுவடையானாலும் எல்லாரும் உட்கார்ந்து பூவைச் சுற்றியுள்ள இலையை நறுக்கிக் கொடுப்போம். மேசையில் பீன்ஸ், சோளரொட்டி, ஆளுக்கொரு கத்தரி.

டார்லா முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொரு பூவையும் எடுத்து, நகத்தால் பிளந்து, உள்ளே பார்த்துப் பார்த்து வைத்தாள்.

"ஏம்மா, பூவை நறுக்கச் சொன்னா பிச்சுப் போடுறியே? என் பூமேல என்ன கோவம்?" என்றார் மெர்ல்.

அவள் கூடை காலியாகும்வரை பிளந்தாள். ஒரு விதைகூட இல்லை. கத்தரியை வைத்துவிட்டு "அப்பாடா!" என்றவள், அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் கொட்டினாள்.

மெர்ல் தாடியைத் தடவினார். "சொல்லியிருக்கலாம்மா. உன்னைக் கடிச்சா தின்னுடப் போறேன்?"

"உங்க மூஞ்சியப் பாத்தா வாய் வரல மெர்ல். திரும்ப அந்த மாத்திரைக்கு உங்கள நான் தள்ளிட்டேன்னா..."

"சரி, அழாத. எனக்கு ஒண்ணு சொல்லு. வெயில் ஏறினா காத்து எந்தப் பக்கம் போகும்?"

"கீழ ஆத்துலேருந்து மேல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

"உனக்கு மேல யாரு இருக்கா?"

இருவரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இத்தனை வருஷமாக இந்த மலையில் இருக்கிறேன். பகலில் காற்று சரிவில் ஏறும் என்று எனக்குத் தெரியாதா? அவள் மெர்ல், மெர்ல் என்று புலம்பியதில் நானும் கீழேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், மடச்சி!

நான் அறுத்துக் காயவைத்த கிளைகள் என் வீட்டுப் பரணில் இன்னும் நறுக்காமல் தொங்கின. மெர்லின் வண்டியில் மூவரும் போனோம். ஒரு பூவைத் தட்டின்மேல் வைத்துக் கசக்கினேன். டிக். டிக். டிக். பூவா அது, விதைப்பொட்டலம். அடுத்ததும் அப்படித்தான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. திரும்பினால் டார்லா சிரிக்கிறாள்! கண்ணீர் காயாத முகத்தோடு என்னைக் கட்டிக்கொண்டு, "உன்னுதா! எல்லாம் உன்னுதுதானா! அப்பாடா!" என்று குதிக்கிறாள்.

"அடிப்பாவி! என் வருஷத்துப் பூவே நாசமாப் போச்சு. உனக்கு அப்பாடாவா?"

"உன்கிட்ட எனக்கென்னடி பயம்? நீ திட்டுவ, அவ்வளவுதானே."

மெர்ல் நாற்காலியை இழுத்துப்போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார். மூச்சை இழுத்துவிட்டு, சாயங்காலம்வரை திட்டினேன்.