ஓடப்போகிறவனின் குதிக்கால்

கடந்த ஜூலை மாதம் இருபதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று பத்து. டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் லிஃப்ட்டுக்காகக் காத்து நின்றோம். எதையும் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால்தான் நேரத்தைக்கூடச் சொல்ல முடிகிறது. அப்பா வேலை செய்யும் இடத்தில் பேஸ்போல் ஆட்டத்துக்கு நான்கு டிக்கெட் கொடுத்திருந்தார்கள். ரொறன்ரோவில் இருபது வருடங்கள் வாழ்ந்தும் நாங்கள் அந்த மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை.

லிஃப்ட் வருவதற்குள் அம்மாவின் ஃபோன் அடித்தது. அவருடன் யாழ்ப்பாணத்தில் ஒன்றாகப் படித்த சினேகிதி. அடுத்த மாதக் கடைசியில் நடக்கும் பழைய மாணவிகளின் கோடை ஒன்றுகூடலில் எல்லே ஆட்டம் வைக்கிறார்களாம். அணிக்கு ஓர் ஆள் குறைகிறதாம்.

"ஏலாதடி. தோள் சரியில்லை, நாளைக்குத்தான் டொக்ரரிட்டைப் போறன். இந்த வயசிலை ஓடி விழுந்து ஆரைச் சிரிக்க வைக்க? வேற ஆளைப் பார்."

எல்லே என்பது இலங்கைப் பள்ளிக்கூடங்களில் ஆடும் விளையாட்டு. தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓட வேண்டும் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் கேட்டதில்லை. ஃபோனை வைத்த பிறகும் அம்மா சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதையும் கவனித்தேன், கேட்கவில்லை.

கென்னடி நிலையத்தில் ரெயின் ஏறியதும், பேஸ்போல் விதிகளை இரண்டு பக்கத்தில் சுருக்கி நான் எழுதியிருந்த தாளை அப்பாவுக்கும் பதினைந்து வயதுத் தம்பிக்கும் கொடுத்தேன். மூன்றாவது பிரதி என்னிடம் இருந்தது. அம்மாவுக்கு ஒன்று எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் மடியில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஃபொயில் தாளில் சுற்றிய றோல்ஸ் பையை வைத்தபடி யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அப்பா தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "உது எங்கடை கிரிக்கெட்டைப் பார்த்துக் கொப்பி அடிச்சது. நான் விளங்கப்படுத்துறன்."

பிற்பகல் ஆட்டம் தொடங்கியது. ஒன்பது சுற்று ஆட்டத்தில் முதல் மூன்று சுற்றும் அப்பா விளங்கப்படுத்தினார். அவர் பிழையாகச் சொன்னதைத் தம்பி பொறுமையாகத் திருத்தினான். இடையில் அடிபட்ட பந்தொன்று வளைந்து நேராக எங்கள் வரிசைக்கே வந்தது. அப்பா எழுந்தார், ஒரு கையில் றோல்ஸ் இருந்ததால் மற்றக் கையை மட்டும் நீட்டினார். பந்து விரலில் பட்டுத் தெறித்து, இரண்டு வரிசை கீழே இருந்த ஒரு சிறுமியின் மடியில் விழுந்தது.

"ரெண்டு கையாலையும் பிடிக்க வேணும்," என்றார் அம்மா. அன்று ஆட்டத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் வசனம் அது.

"ஓம், வந்து நீர் பிடியும்," என்றார் அப்பா விரலை ஊதிக்கொண்டு.

நான்காம் சுற்றில் எதிரணி வீரர் ஒருவர் முதலாவது பேஸில் நின்றார். பேஸ் என்பது ஓடுபவர் தொட்டு நிற்க வேண்டிய வெள்ளைத் திண்டு. எல்லோரும் பந்து எறிபவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா மட்டும் வேறெங்கோ பார்த்தார்.

"உவன் ஓடப்போறான்."

"பந்தை அடிக்க முதல் என்னெண்டு ஓடுவான்?" என்று அப்பா சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் அந்த வீரர் ஓடி, இரண்டாவது பேஸில் சறுக்கிப் போய்ச் சேர்ந்திருந்தார். பேஸ்போலில் அப்படி ஓட அனுமதி உண்டு.

தம்பி வாயைப் பிளந்தான். "அம்மா, ஹவ் டிட் யூ நோ?"

"காலைப் பார். ஓடப்போறவன்ரை குதி நிலத்திலை முட்டாது. பந்தைப் பார்க்க ஊரே இருக்கு. ஓடுறவனைப் பார்க்க ஆர் இருக்கினம்?"

எனக்கு மறுபக்கத்தில் நரைத்த தலையுடன் ஒரு பெண்மணி இருந்தார். ஒவ்வொரு பந்தையும் ஓர் அட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் சாய்ந்து, உங்கள் அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எனக்குப் பழகியது. பத்து வயதிலிருந்து நான்தான் அம்மாவின் மொழிபெயர்ப்பாளர்: வைத்தியரிடம், வங்கியில், அலுவலகங்களில். அம்மா பத்து வசனம் சொன்னால் ஒன்றாகச் சுருக்கிவிடுவேன். எதிரில் இருப்பவரின் நேரத்தை மிச்சம் பிடிப்பதாக நினைப்பு. உண்மையில் எனக்கு வெட்கம். அன்றும் சுருக்கித்தான் சொன்னேன்: "அவர் ஓடுவார் என்று முன்பே தெரிந்ததாம்." அந்தப் பெண்மணி பென்சிலைக் கீழே வைத்தார். "இல்லை, அவர் இதைவிட நிறையச் சொன்னார். எல்லாவற்றையும் சொல்," என்றார்.

சொன்னேன். குதிக்காலைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன். அம்மா மேலே பேசப் பேச, அவர் பள்ளிக்கூட எல்லே அணியில் நான்கு வருடங்கள் ஆடியதையும், பேஸ் போலவே எல்லேயில் உள்ள இரண்டாவது தரிப்பில் நின்று ஓடி வருபவர்களை மறிப்பதே அவருடைய வேலை என்பதையும் ஓர் அந்நியருக்கு மொழிபெயர்த்துத்தான் நானே அறிந்துகொண்டேன். அதன்பின் ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்மணி முதலில் அம்மாவைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த இரண்டு இளைஞர்களும் திரும்பி, என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். ஆறாம் சுற்றில் அம்மா சொன்னது பிழைத்தது. "ஏமாத்திப்போட்டான் கள்ளன்," என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். வரிசையே சிரித்தது.

ஒன்பதாம் சுற்று. எங்கள் ரொறன்ரோ அணி ஓர் ஓட்டத்தால் முன்னிலை. எதிரணியில் இருவர் ஆட்டமிழந்தாகிவிட்டது, மூன்றாமவரும் ஆட்டமிழந்தால் வெற்றி எங்களுக்கு. சமன்செய்யக்கூடியவர் முதலாவது பேஸில் நின்றார். மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. அம்மாவும் எழுந்தார். பந்து எறிபவர் காலைத் தூக்கிய கணத்தில், வீட்டில் ஒருநாளும் உரக்கப் பேசாத அம்மா கத்தினார்:

"ஓடுறான்! ரெண்டுக்கு எறி!"

மொழிபெயர்க்க யாரும் கேட்கவில்லை. ஆனால் வகுப்பில் கையுயர்த்தவே தயங்கும் நான், அதே உரத்த குரலில், "செக்கண்ட்! செக்கண்ட்!" என்று கத்தியிருந்தேன். எங்கள் சத்தம் மைதானத்தின் தரைவரை போயிருக்காது. ஆயினும் பந்து இரண்டாவதுக்கே பறந்தது. அங்கே பந்தைப் பிடித்தவரின் கையுறை, சறுக்கி வந்தவர்மேல் இறங்கியது. நடுவர் முஷ்டியை உயர்த்தி 'அவுட்' காட்டினார். ஆட்டம் முடிந்தது. அந்தப் பெண்மணி முதலில் அம்மாவைக் கட்டிப்பிடித்தார், பிறகுதான் அட்டையில் எழுதினார். முன்வரிசை இளைஞர்கள் அம்மாவின் உள்ளங்கையில் தங்கள் கையை அடித்துவிட்டுப் போனார்கள். அம்மா சிவந்த கையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும் ரெயினில் அப்பா அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீர் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே," என்றார்.

"நீங்கள் கேக்கேல்லை."

அவர் அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார். நான் என் கையிலிருந்த விதித் தாளை மடித்தேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு அம்மாவை வைத்தியரிடம் கூட்டிச் சென்றேன். அம்மா தொடங்கினார்: பேக்கரியில் தட்டுத் தூக்கும்போது தோள் எப்படிப் பிடிக்கிறது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் நோகிறது, பள்ளிக்கூடத்தில் அதே கையால் எவ்வளவு தூரம் எறிந்தார், அடுத்த மாதம் அந்தக் கையால் பந்து எறியலாமா. நான் எல்லாவற்றையும் அதே வரிசையில் சொன்னேன். வைத்தியர் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார். பிறகு அம்மாவின் கையைத் தூக்கியும் திருப்பியும் பார்த்து, இது தசைப்பிடிப்புத்தான், நான்கு வாரம் பயிற்சி செய்துவிட்டுத் தாராளமாக எறியுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அம்மா ஃபோனை எடுத்தார்.

"என்னடி, ஆள் கிடைச்சிட்டோ? இல்லையெண்டால் என்ரை பேரைப் போடு. ரெண்டாவதிலை நான்தான் நிப்பன், சொல்லிப்போட்டன்."

அன்றிலிருந்து அம்மா சொல்வதில் ஒரு வசனத்தையும் நான் சுருக்குவதில்லை. சுருக்கிய வருடங்களில் எதையெல்லாம் தவறவிட்டேன் என்பதை இப்போது அவரிடமே ஒவ்வொன்றாகக் கேட்டு அறிந்துகொண்டிருக்கிறேன்.