கரீம் பாய் தராத மீன்

கரீம் பாய் என் மனைவியை ஏமாற்றவில்லை. ஏமாற்றியவன் நான். அவளிடம் இதைச் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் சரக்குக் கொட்டகையில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணிச் சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. படி ஏறினால் படியை எண்ணுவேன். இலையில் உட்கார்ந்தால் அப்பளத்தை எண்ணுவேன். சிரிக்காதீர்கள்... ஒரு நல்ல மனிதரின் பெயர் இதனால்தான் கெட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருடம் என் மனைவி சரோஜா வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையானாள். அவள் கண்ணுக்கு எதிரே ஒரு வெள்ளைச் சுவர், வேறொன்றும் இல்லை. கட்டிலருகே ஒரு மீன் தொட்டி வைக்கலாம் என்று தோன்றியது. செங்கல்பட்டுக் கடைத்தெருவில் படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கரீம் பாயிடம் போனேன். கோவளத்துக்காரர். தினமும் முதல் பஸ்ஸில் வந்து கடை திறப்பார். சட்டம் போடுவது அவருக்குப் பிழைப்பு. தொட்டி செய்வது ஆசை.

அவர் வேலை செய்வதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கண்ணாடியின் மேல் வைரமுனையால் ஒரே ஒரு கோடு கிழிப்பார். இரண்டாவது கோடு கிடையாது. விரலால் ஒரு தட்டு... துண்டு சுத்தமாகப் பிரிந்து கையில் வரும். தொட்டியில் தண்ணீர் நிரப்பி எட்டு நாள் வெறுமனே நிற்க விட்டார். எட்டு நாளும் கடை மூடியதும் எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு மூலைகளையும் தடவிப் பார்த்தார். அதற்கென்று ஒரு வார்த்தை கூலி பேசவில்லை.

எனக்குப் பெரிய மீன்கள்தாம் வேண்டும். இரண்டே இரண்டு. கம்பீரமாக இருக்கும் என்று அவரிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. இரண்டை எண்ணுவது எளிது!

"ஐயா, பெருசு மூலைல மொறச்சிகினு நிக்கும்" என்றார் பாய். "படுத்துகினு கீறவங்களுக்கு எதுனா ஓடினு, ஆடினு இருக்கணும். பொடிசே வுடுங்க."

எவ்வளவு சரியான பேச்சு! எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

இருபத்துநான்கு கப்பி மீன்கள் வந்தன; விரல்நுனி அளவு உடம்பு, விசிறி போல் வால். சரோஜா தலையணையில் சாய்ந்து பார்த்தாள்.

"இன்னா பாய், இது வாலா, பாவாடையா?"

"பாவாடைதாம்மா. தோய்க்கிற வேலையே இல்லாத பாவாடை!"

நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சத்தமாகச் சிரித்தாள்.

கப்பி மீன் குட்டி போடும் என்பது எனக்குத் தெரியாது. இருபத்துநான்கு முப்பத்தொன்றாயிற்று. சாயங்காலம் எண்ணினால் இருபத்தொன்பது. மறுநாள் நாற்பது! நிற்காத பொருளை எப்படி எண்ணுவது? நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன்.

"பாக்கறதுக்கு வாங்கினு வந்துட்டு ஆஜர் எடுத்துகினு கீறீங்களே!" என்று சரோஜா கேலி செய்தாள்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் சிரிப்பெல்லாம் தொட்டியின் பக்கம் போய்விட்டதே என்ற பொறாமையும் இருந்ததா? இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி மீன்களைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி பாயிடம் கேட்டேன். "அம்மா ஒவ்வொண்ணுக்கும் பேரு வெச்சிகினு கீறாங்க. எதை எடுக்கறது?" என்று மறுத்துவிட்டார்.

ஆகவே நான் கொளவாய் ஏரிக்கரைக்குப் போனேன். வலைக்காரர் ஒருவரிடம் சாண் நீளத்தில் ஒரு விரால் இருந்தது.

"இது பொடிமீனைத் தின்னுமா?"

"அதுக்கு வேற இன்னா வேலை சாமி?"

கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்கினேன்! பாதியைத் தின்றுவிட்டு நிறுத்திக்கொள்ளும் என்று நினைத்தேன். அப்படி நிறுத்தும் பிராணி எங்கே இருக்கிறது?

நாங்கள் சைவம். எங்கள் வீட்டில் மீன் நுழைந்ததே அந்தத் தொட்டியில்தான். சரோஜாவுக்கு விரால் எது, கெண்டை எது என்று தெரியாது. "பாய் கொடுத்தார். பெரியதாக ஒன்று இருக்கட்டும் என்றார்" என்று சொன்னேன். நம்பினாள்.

ஆறாம் நாள் காலை எண்ணிக்கை சரியாக இருந்தது. ஒன்று.

அவள் அழவில்லை. மறுபக்கம் புரள முடியாத இடுப்பு. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை பாய் வந்தார்.

"நம்பித்தானே வூட்டுக்குள்ள வுட்டோம் பாய்! இப்படி ஒரு ராட்சசனைக் குடுத்து அனுப்பிட்டீங்களே. ஒண்ணுகூட இல்ல... எல்லாம் போச்சு!" என்றாள் சரோஜா.

கடலோரத்தில் பிறந்து மீனோடே பழகிய மனிதர்; விராலைத் தெரியாதா? குனிந்து தொட்டியைப் பார்த்தார். நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தார்.

"என் தப்புதாம்மா. பாக்காம குடுத்துட்டேன்" என்றார். விராலை வாளியில் எடுத்துக்கொண்டு போனார்.

நான் அங்கேயே நின்றேன். வாய் திறக்க எவ்வளவு நேரம் இருந்தது!

ஏன் அப்படிச் சொன்னார்? அவளுக்குச் சோறு ஊட்டுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும் என் கை. அந்தக் கையின் மேல் அவளுக்கு வெறுப்பு வந்துவிடக் கூடாது என்று நினைத்தாரா? கேட்க எனக்குத் தைரியமில்லை. என் அறுபத்தாறு வயதில் அப்படி ஒரு பெருந்தன்மையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் பன்னிரண்டு கப்பிகள் கொண்டுவந்து விட்டார். சரோஜா அவற்றுக்குப் பெயர் வைக்கவில்லை. பார்க்க வந்த பெண்களிடமெல்லாம், "நல்லவர்னு நெனச்சோம்... ஏரி மீனோ இன்னாவோ, தலைல கட்டிட்டார்" என்று சொன்னாள்.

எதிர்வீட்டுத் தலைமையாசிரியர் தம் பள்ளிக்கூடத்துக்கு மூன்று தொட்டிகள் செய்யும்படி பாயிடம் சொல்வதாக இருந்தார். தெருவில் என்னை நிறுத்தினார்.

"பாய் ஏமாத்திட்டாராமே சார், மெய்தானா?"

"ஆமாம்" என்றேன்.

ஒரே ஒரு சொல்! தொட்டிகள் பட்டணத்திலிருந்து வந்தன. அதன் பிறகு பாயின் கடையில் தொட்டி செய்யச் சொல்லி யாரும் போகவில்லை. வைரமுனையால் ஒரே கோடு கிழிக்கும் அந்தக் கை, இன்று காலண்டர் படங்களுக்குச் சட்டம் மட்டுமே போடுகிறது.

இரண்டு வருடம் கழித்துச் சரோஜா போய்விட்டாள், பாயின் மேல் அந்தக் குறையோடேயே. அவர் கடையை அடைத்துவிட்டு வந்து, கடைசி வரை வாசலில் நின்றார். "மீன் விஷயத்தில் ஏமாத்தினாரே, அந்த பாய்" என்று கூட்டத்தில் யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். என் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போதும் காய்கறிக்கு அந்த வழியாகத்தான் போகிறேன். ஒவ்வொரு நாளும், இன்று சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் கடையை நெருங்குகிறேன். அவர் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு, எழுந்து நின்று, முதலில் சலாம் சொல்லிவிடுகிறார். இன்று காலையும் அவர்தான் முந்திக்கொண்டார்.