உறைமோர் வாங்கப் போன மேலாளர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

எங்கள் மேலாளர் அண்ணாச்சியை நினைக்கும்போதெல்லாம், கழுவித் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்த ஒரு காலித் தொட்டிதான் முதலில் என் கண்முன் வருகிறது. கோவில்பட்டிக்கு வெளியே ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதியில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பணி என்னுடையது. ஓராண்டு உளுந்து விதைப்புக்காக விளாத்திகுளம் பக்கத்திலுள்ள என் ஊருக்குச் சென்று, ஆயுத பூசை முடிந்தபின் திரும்பினேன்.

உட்காருமுன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைக்கும் மனிதர் அண்ணாச்சி. பூசைக்கு முன் எல்லா இயந்திரங்களையும் கழுவுவது ஆலையின் வழக்கம். அவ்வாண்டு கழிவுநீர்த் தொட்டியையும் அவர் விட்டுவைக்கவில்லை. அதிலிருந்த சேறு முழுவதையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கச் செய்திருந்தார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ச்சி. “பாத்தீரா, இப்பம் இதுக்குள்ள இலை போட்டுச் சாப்பிடலாம்வே” என்றார்.

அந்தச் சேறுதான் எங்கள் தொழிலாளர் கூட்டம். காற்றை ஊதிக்கொண்டே இருந்தால், அதற்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற உயிர்கள் அழுக்கைத் தின்று, ஒன்றோடொன்று திரிதிரியாக ஒட்டி அடியில் படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். நன்றாக உழைக்கும் நாளில், மழை நனைத்த கரிசலின் மணம் தொட்டியிலிருந்து எழும்.

தொட்டியில் மீண்டும் கழிவுநீர் நிறைந்த சில நாட்களிலேயே அது கறுத்து நாறியது. நாற்றம் தாங்காமல் பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். தீபாவளிக்குள் நீர் தெளியாவிட்டால் விடுதியை மூடி, பெண்களை வேலையை விட்டு அனுப்பிவிடும்படி முதலாளி சொல்லிவிட்டார். குளியலுக்கு அளவு வைத்தோம். சில பெண்கள் பையைக்கூடக் கட்டிவிட்டார்கள்.

நீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த மேடம் தொட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். “பால் நிறைய இருக்கு அண்ணாச்சி. உறை ஊத்த மோர்தான் இல்ல. நல்லா வேலை செய்யுத தொட்டியிலேருந்து உயிரோட சேறு வாங்கிட்டு வாங்க” என்றார்.

அப்படியொரு தொட்டி கடம்பூர்ப் பக்கத்து ஆலையில் இருந்தது. அதன் மேலாளரும் எங்கள் அண்ணாச்சியும் ஒரு கலியாண வீட்டில் பந்தியில் இடம் பிடிப்பதில் தொடங்கிய சண்டையால் பேசிக்கொள்வதில்லை. ஆயினும் அண்ணாச்சி வெள்ளைச் சட்டையுடன் போய், உறைமோர் வேண்டும் என்று நின்றார். “என்னவே, எங்க வீட்டு மோர்தான் ஒமக்குப் புளிக்குமே?” என்றார் அந்த மேலாளர். “புளிச்சாலும் பரவால்ல, பத்து டிரம் ஊத்தும்” என்றார் அண்ணாச்சி. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

மூடி போட்டால் சேற்றுக்கு மூச்சு முட்டும் என்று மேடம் எச்சரித்திருந்தார். ஆகவே அண்ணாச்சி சுமை வண்டியின் பின்னால் ஏறி, டிரம்களை மாற்றி மாற்றிக் கம்பால் கலக்கிக்கொண்டே வந்தார். சாலைக் குழிதோறும் சேறு எழும்பி அவர் சட்டையில் விழுந்தது. ரயில்வே கேட்டில் ஒருவர், “என்ன அண்ணாச்சி, கருப்பட்டிப் பாகா?” என்று கேட்டார். “பிள்ளைங்கவே. ஏறி வந்து கொஞ்ச நேரம் தாலாட்டும்” என்றார் கம்பை நிறுத்தாமலே.

ஊற்றிவிட்டுத் தினமும் வெல்லக் கரைசலும் சாணிப்பாலும் விட்டோம். காலையில் காப்பிக்கு முன் தொட்டியை முகர்ந்து பார்ப்பது அண்ணாச்சியின் வழக்கமாயிற்று. ஒருநாள் முகர்ந்தவர் என்னையும் கையசைத்துக் கூப்பிட்டார். கரிசல் மணம். மேடம் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். காம்பில் நின்ற, மணி போன்ற சிற்றுயிர்கள் சுருங்குவதும் விரிவதுமாக ஆடின. வெகுநேரம் பார்த்த அண்ணாச்சி, “இவ்வளவு பேரும் சம்பளம் வாங்காமலா வேலை பாக்காவ?” என்றார்.

தீபாவளிக்கு முன்பே நீர் தெளிந்தது. புஞ்சைக்காரர்கள் பார்த்துவிட்டுத் தங்கள் புஞ்சைக்குத் திரும்பினார்கள். அண்ணாச்சி விடுதி வாசலுக்கு நடந்து போய், மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: “ஏட்டி, பையையெல்லாம் அவுத்து வைங்க. எல்லாரும் தலைக்குக் குளிங்க, சோறு வடிச்ச கஞ்சியையும் சேத்து ஊத்துங்க. கீழ பிள்ளைங்க பசியோட இருக்கு.”

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இன்று தொட்டிக்குள் ஊதும் காற்றின் அளவைக் கணினித் திரையே காட்டுகிறது. ஆனால் வரும் மேலாளர் எவருக்கும் இக்கதை தெரிவதில்லை. ஆகவே இதை எழுதினேன். தங்கள் சேகரிப்பில் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.