ஆபிரகாம் அண்ணன் சுட்ட கடைசித் தோட்டா

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் காலை ஷிப்டு ரயிலிலிருந்து இறங்கியபோது ஆபிரகாம் அண்ணனின் மருமகன் பிளாட்பாரத்தில் எனக்காகக் காத்திருந்தார். முந்தின நாள் மாலை டீ கிளாஸைக் கையில் வாங்கிய அண்ணன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார் என்றார். என் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கு நழுவிக் கீழே விழுந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல, பயம்தான். எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயத்துக்கு இனி நான் ஒருவனே சாட்சி என்ற பயம்.

இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவர் நம் தொழிற்சாலை கேட்டில் நின்ற வாட்ச்மேன். பட்டாளத்துக்காரர் என்பதால் துப்பாக்கியோடு நிற்கச் சொன்னார்கள். தடி போதும் என்று சொல்லிவிட்டார். அதற்காக அவரைக் கேலி செய்தவர்களும் உண்டு. ஏன் என்று கேட்டால் சிரிப்பார், பதில் சொல்லமாட்டார். அந்தப் பதிலை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் புதுவாயலில் ஒரு தோல் வியாபாரியிடம் வேலை பார்த்தோம். காட்டுப்பூனைத் தோல்கள் அங்கிருந்து மதராஸ் துறைமுகம் வழியாக வெளிநாட்டுக்குப் போகும். சீமாட்டிகளின் கோட்டுக்குக் கழுத்துப்பட்டை தைப்பார்களாம். அன்று அதற்குத் தடையில்லை, சட்டம் பிறகுதான் வந்தது. அண்ணன் பட்டாளத்திலிருந்து திரும்பி, லைசென்ஸோடு ஒரு பாயின்ட் டூ டூ ரைபிள் வைத்திருந்தார். அவர் சுடுவார். நான் அங்கேயே தோலை உரித்து உப்புத் தடவி, கிட்டங்கிக்குக் கொண்டுவந்து பலகையில் இழுத்து ஆணியடித்துக் காயவைப்பேன். பெரிய ஓட்டையோடு தோல் வந்தால் முதலாளி அவரைக் கேட்கமாட்டார், என்னைத்தான் கேட்பார்.

மற்ற வேட்டைக்காரர்கள் 'ட்வெல்வ் போர்' துப்பாக்கியால் சுட்டுக் கொண்டுவந்த தோல்கள் ரவை பட்டுச் சல்லடையாக இருக்கும். அண்ணனின் சின்ன ரைபிள் எவ்வளவோ மேல். ஆனால் அதற்கும் இரண்டு வகைத் தோட்டா உண்டு. ஒன்று முனையில் குழி விழுந்தது. உள்ளே போனதும் விரிந்து பூனையின் உடம்புக்குள்ளேயே நின்றுவிடும். சில சமயம் மட்டும் மறுபக்கத்தை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்துவிடும். இன்னொன்று கெட்டி ஈயம். இந்தப் பக்கம் மிளகளவு ஓட்டை, அந்தப் பக்கம் மிளகளவு ஓட்டை, முடியே மறைத்துவிடும். அண்ணன் குழித் தோட்டாவைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்.

ஒரே வாரத்தில் மூன்று தோல்கள் கிழிந்து வந்தன. இன்னொன்று இப்படி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று முதலாளி என்னிடம் சொன்னார். என் மனைவி அப்போது நிறைமாதம். நான் அண்ணனிடம் போய்க் கெட்டித் தோட்டாவுக்கு மாறச் சொல்லிக் கெஞ்சினேன்.

"பூனையத் தாண்டி அது எங்க போவும்னு எனக்குத் தெரியாது முனுசாமி," என்றார். "தெரியாத எடத்துக்கு நான் தோட்டா அனுப்பமாட்டேன்."

ஏரிக்கரையில் ஈ காக்கை கிடையாது, யார் இருக்கப்போகிறார்கள் என்றேன். இரண்டு நாள் விடாமல் நச்சரித்தேன். மூன்றாம் நாள் நானே பொன்னேரிக்குப் போய், அவருடைய லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டிக் கெட்டித் தோட்டா ஒரு பெட்டி வாங்கிவந்து அவர் கையில் வைத்தேன். என் முகத்தைப் பார்த்தார். பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறாத நேரம். பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையில் கோரைப் புதருக்குள் படுத்திருந்தோம். தண்ணீர் இறங்கியிருந்தது, அதன் மேல் மூட்டம். ஒரு பூனை மீன் தேடிக் கரையோரம் வந்து எங்களுக்குப் பக்கவாட்டில் நின்றது. அண்ணன் வெகுநேரம் குறிபார்த்தார். நான் அவர் முதுகைத் தொட்டேன். சுட்டார்.

பூனை நின்ற இடத்திலேயே சுருண்டது. ஆனால் அதற்கப்பால் தண்ணீரில் ஒரு கீற்று எழுந்தது. தண்ணீர் மேல் தத்தும் தவளைக்கல் போலத் தோட்டா எம்பிப் போகிற 'உய்ங்' என்ற ஓசை கேட்டது. அடுத்த நொடி மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல். ஒரே அலறல்தான். அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

அந்த அமைதியை நான் இன்றுவரை மறக்கவில்லை. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். அண்ணனின் சட்டையைப் பிடித்து, ஓடிவிடலாம் என்றேன். அவர் ரைபிளைத் திறந்து காலி செய்து தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். தனியாக அங்கே நிற்கவும் பயம். நானும் பின்னால் போனேன்.

இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். பெயர் கன்னியம்மா என்று பிறகு தெரிந்தது. இடது கையின் மேல்சதை கிழிந்து தண்ணீர் சிவந்திருந்தது. இறால் போடும் ஓலைப்பறியின் கயிற்றை வலி தாங்கப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும்தான் அதை விட்டாள்.

"இன்னா நைனா," என்றாள் நடுங்கும் குரலில். "என்னப் பாத்தா பூனை மாரியா கீது?"

அண்ணன் தன் தலைத்துண்டை அவிழ்த்து அவள் காயத்தில் இறுக்கிக் கட்டினார். நான் அவள் பக்கத்தில் குந்தி, கிளிஞ்சல் கிழித்துவிட்டதாக ஊரில் சொல்லிவிடும்மா என்று கேட்டேன். அவள் காயத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வெட்கமில்லாமல் மறுபடியும் கேட்டேன். அண்ணன் என்னை ஒதுக்கிவிட்டு அவளை எழுப்பி நடத்தினார்.

கரையிலிருந்து அவள் குப்பத்துக்கு அரை மைல் இருக்கும். அவர் முன்னால், அவர் தோளைப் பிடித்தபடி அவள், பின்னால் நான். வழியில் அவர் கால்கள் இரண்டு முறை மடங்கின. கை உதறுவது பின்னாலிருந்தே தெரிந்தது. சண்டை பார்த்தவர் பயப்படமாட்டார் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

குப்பம் முழுக்கத் திரண்டுவிட்டது. அவள் புருஷன் படகுத் தடியோடு வந்தான். அண்ணன் ரைபிளைக் கழற்றி ஊர்ப் பெரியவரின் காலடியில் வைத்தார்.

"சுட்டது நான்தான். பூனையைச் சுட்டேன். பின்னால ஆளு இருக்கறதப் பாக்காம சுட்டேன்."

இவன் யார் என்று என்னைக் காட்டி ஒருவன் கேட்டான். தோல் உரிக்க வந்தவன், துப்பாக்கியைத் தொடாதவன் என்று அண்ணனே சொல்லிவிட்டார். தோட்டாவைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அவளைப் படகில் ஏற்றி ரோடு வரை போய், அங்கிருந்து வண்டியில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவள் திரும்பும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று அண்ணன் மணலில் உட்கார்ந்துவிட்டார். கை போய்விட்டால் என்ன செய்வார்கள், உயிரே போய்விட்டால் என்ன செய்வார்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் மைத்துனன் தடியை மடியில் வைத்துக்கொண்டு எதிரிலேயே இருந்தான். யாரும் எங்களுக்குத் தண்ணீர் தரவில்லை. அண்ணன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் என்று நினைத்தேன். அவளுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று அந்த மைத்துனனிடம் திடீரென்று கேட்டார். அவன் மடியிலிருந்த தடியை எடுத்து மணலில் ஊன்றினான்.

வெயில் சாயும்போது படகு வந்தது. கையில் கட்டோடு கன்னியம்மா தானே இறங்கி நடந்துவந்தாள். எலும்பு தப்பியது என்றார்கள். பெரியவர் ரைபிளைத் திருப்பிக் கொடுத்து, போலீஸுக்குப் போகமாட்டோம், இனி இந்தக் கரையில் இதை நான் பார்க்கக்கூடாது என்றார். அண்ணன் அதற்கும் ஒரு படி மேலே போனார். அன்று மாலையே ரைபிளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார், பிறகு போய் வாங்கவே இல்லை. சுட்ட பூனையை நாங்கள் எடுக்கவுமில்லை.

அவர் புதுவாயலுக்கு வருவதை நிறுத்தினார். நான் சட்டம் வரும்வரை அதே கிட்டங்கியில் இருந்தேன். வேறு ஆட்களின் கெட்டித் தோட்டா துளைத்த தோல்களுக்கு உப்புத் தடவினேன். ஒவ்வொரு தோலிலும் அந்தப் பக்கத்து ஓட்டையைப் பார்க்கும்போது, அது எங்கே போய் நின்றிருக்கும் என்று நினைப்பு ஓடும்.

பல வருடம் கழித்து இதே தொழிற்சாலையில் இருவரும் மறுபடி ஒன்றுசேர்ந்தோம். ஒருநாள் கேன்டீனில், அன்றைக்கு என்னை ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"நீ கேட்ட, நான் ஒத்துக்கினேன்," என்றார். "அழுத்தினது என் வெரலுதான? உனக்குச் சொல்லணும்னு தோணுனா, அது உன் பாடு." அதோடு மோர்மிளகாயை என் பக்கம் தள்ளிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார்.

அவரைச் சவப்பெட்டியில் வைத்தபோது உங்களில் ஒருவர், பயம் அறியாத மனிதர் என்று சொன்னார். அது சரியில்லை. அவர் நடுங்கியதைப் பார்த்தவன் நான். நடுங்கிக்கொண்டே அந்த அரை மைலையும் நடந்தார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த நடையை மட்டும்தான்.

அந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போய்க் கன்னியம்மாவிடம் இதைச் சொல்லப் போகிறேன். அவள் மைத்துனன் இன்னும் இருக்கிறானாம். பயமாகத்தான் இருக்கிறது.