எருமை தின்ற சட்டைக்கை

நேற்று இஸ்திரிக்காரர் என் சேலைமேல் தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்ததும் கஞ்சி வாசனை குப்பென்று எழும்பியது. எனக்கு உடனே ஒரு எருமையின் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், என் சீருடையைத் தின்ற எருமை அது.

கேரள எல்லையில், எருத்தேன்பதிப் பக்கத்து எங்கள் பள்ளியில் மாணவர் காவல் படை தொடங்கியபோது நான் எட்டாம் வகுப்பு, தமிழ் வழியில் படிக்கிறவர்களுக்கான தமிழ் டிவிஷன். தேசபக்தியால் சேர்ந்தேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். அணிவகுப்பில் அத்தனை பேர் காலை ஓங்கி வைத்தும் எப்படி ஒரே சத்தமாக வருகிறது என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு ஆசையும் இருந்தது. மலையாள டிவிஷன் பிள்ளைகள் எங்களோடு அதிகம் ஒட்ட மாட்டார்கள். காக்கி போட்டு வரிசையில் நின்றுவிட்டால் யார் எந்த டிவிஷன் என்று தெரியாதல்லவா?

ஓட்டப் போட்டியில் நாக்குத் தள்ளி, எப்படியோ தேர்வாகிவிட்டேன். ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் போலீஸ் வந்து பயிற்சி கொடுப்பார். மேடம் என்போம். உட்கார்ந்து எழுந்தாலும் அவர் சட்டை கசங்காது. அது எப்படி என்று அவரையே சுற்றிச் சுற்றி வந்து, கஞ்சி போடுகிறார் என்று கண்டுபிடித்தேன்.

அதனால் முதல் அணிவகுப்புக்கு முந்தின நாள் என் சட்டைக்கும் கஞ்சி போடச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். முழுச் சீருடை இல்லாதவர்கள் வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம் என்று மேடம் கறாராகச் சொல்லியிருந்தார். அம்மா அவசரத்தில் எடுத்தது எருமைக்கென்று உப்புக் கரைத்து வைத்திருந்த கஞ்சி. காயப் போட்டதோ மாட்டுக் கொட்டகையை ஒட்டிய கொடியில். எருமை உப்பை விடுமா? நான் போய்ப் பார்த்தபோது சட்டையின் வலது கை அதன் வாயில் இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அம்மா எருமையைத் திட்டவில்லை. "உப்புப் போட்டது நானு, அத வஞ்சு என்னாகுது? கெளம்பு கண்ணு" என்றாள்.

எங்களுக்கு ரேஷன் கேரளத்தில், துணிமணி தமிழ்நாட்டில். செக்போஸ்ட் தாண்டித்தான் தையல்கார பாயின் கடை. அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர்களுக்குத் தைத்த மிச்சத் துணி அவரிடம் இருந்தது. அம்மா சந்தேகமாகத் தடவிப் பார்த்தாள். காக்கியென்றால் காக்கிதான் என்று பாய் அடித்துச் சொல்லி, அதில் ஒரு கை வெட்டித் தைத்துக் கொடுத்தார். டியூப்லைட்டில் எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

மறுநாள் மைதானத்தில் வெயில் ஏறியதும் குட்டு வெளிப்பட்டது. சட்டை ஒரு நிறம், வலது கை வேறு நிறம். பின்வரிசையில் சிரிப்பு. மேடம் வந்து கையைத் தூக்கிப் பார்த்து மலையாளத்தில் கேட்டார்.

"இது ஏது நாடு?"

"தமிழ்நாட்டுப் போலீஸ் துணிங்க மேடம். நம்மளத எருமை தின்னுருச்சுங்க."

மேடம் என் கையைக் கீழே விட்டார். பிறகு கேட்டார்: "எருமைக்கு ஒண்ணுமில்லல்லோ?"

வலது கை மறையும்படி என்னை வரிசையின் இடது ஓரத்தில் நிறுத்தினார். நடந்தேன். நான் தேடிப் போன சத்தம், உள்ளே நின்றால் காதில் கேட்பதே இல்லை. குதிகால் வழியாக ஏறி வயிற்றுக்குள் அதிர்கிறது. முடிந்ததும் மலையாள டிவிஷன் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எருமை எவ்வளவு நேரம் மென்றது, பட்டனையும் தின்றதா என்று அவர்களுக்கு ஆயிரம் கேள்வி. தமிழும் மலையாளமும் கலந்து பதில் சொல்லிச் சொல்லியே அன்றைக்கு அவர்களோடு சாப்பிட உட்கார்ந்தேன்.

போன மாதம் அந்தப் பள்ளி வழியாக வந்தேன். பாயின் கடை இல்லை, எங்கள் வீட்டில் எருமையும் இல்லை. மைதானத்தில் காக்கிப் பிள்ளைகள் காலை ஓங்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். காம்பவுண்டுக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தேன். யார் எந்த டிவிஷன் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. தமிழ் டிவிஷனை மூடிவிட்டார்கள்.