டின்னில் வந்த மண்

தம்போய் நகரத்து வீட்டில் என் பேத்தி பிஸ்கட் டின்னில் செடிக்கு மண் கொண்டுவந்தாள். மூடி திறந்ததும் எழுந்த வாசத்தில் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

நான் வயிற்றில் இருக்கும்போதே பட்டாளத்தோடு சண்டைக்குப் போன அப்பா, சண்டை முடிந்தும் திரும்பவில்லை; செத்த சேதியும் வரவில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, தன் தம்பி செத்த போர்க்களத்தைப் பார்க்கக் கிளம்பினார். அம்மா டின் நிறைய முறுக்கு கொடுத்து, "எங்க வீட்டுக்காரரும் அங்கதாங்க இருக்காரு, குடுத்துடுங்க" என்றாள்.

திரும்பிவந்த துரை தொப்பியைக் கழற்றி, அதே டின்னை நீட்டினார். உள்ளே மண். அப்பா கோயில் மண் அனுப்பியிருக்கிறார் என்று பூரித்து, அம்மா என் நெற்றியில் பூசினாள்.

"ஐயோ தாயி, அது உன் புருஷனைப் புதைச்ச மண்ணு!" என்று துரையோடு வந்த, தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி அலறினார்.

என் நெற்றியைத் துடைக்க வந்த கிராணியின் கையை அம்மா தட்டிவிட்டாள்.

"விடுங்க. பெத்த மகளை அவரு இன்னைக்குத்தான் தொடுறாரு."