அந்த போர்டுல என்ன போட்டிருக்கு?

நான் காரை நெடுஞ்சாலையில் ஏற்றினாலே என் மனைவி தொடங்கிவிடுவாள். "என்னங்க, அந்த போர்டுல என்ன போட்டிருக்கு?"

"நீயே படி லா!" என்று எரிந்து விழுவேன். ஆனாலும் படித்துச் சொல்வேன்.

ஒரு தைப்பூசத்தில் இரண்டு இரவு கண்விழித்துவிட்டு, பினாங்கிலிருந்து கிள்ளானுக்குத் திரும்பினோம். அன்று அவளும் அசந்து தூங்கிப்போனாள். ரவாங் ஊரைத் தாண்டியதும் கார் தடதடவென அதிர, திடுக்கிட்டுக் கண்விழித்தேன். சாலையோர இரும்புத் தடுப்பு கையெட்டும் தூரத்தில் இருந்தது. எப்படியோ திருப்பி, ஓரமாக நிறுத்தினேன்.

அவள் அழுதாள். "நான் கேட்டுக்கிட்டே வந்திருந்தா நீங்க தூங்கியிருக்க மாட்டீங்களே."

இத்தனை வருடமும் அதற்காகத்தான் கேட்டாளா!

இப்போது அவள் இல்லை. தூக்கம் கெட்ட நாளில் நான் காரைத் தொடுவதில்லை. மற்ற நாட்களில், பக்கத்திலிருக்கும் சுபாங் ஜெயாவுக்குப் போனால்கூட, ஒவ்வொரு பலகையையும் காலி இருக்கைக்குக் கேட்கும்படி வாசிக்கிறேன்.